ரதத்தைத் தொட ஐசி வேண்டும்

எனக்குக் கோபம் வந்தது ஒரு கத்திரிச் செடியால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுப்பற்றினால் செய்தான், பண்பாட்டைக் காக்கச் செய்தான் என்று பின்னால் யாராவது எனக்காக வக்காலத்து வாங்கினால் நம்ப வேண்டாம்.

கரங்கான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பதினாலாம் நம்பர் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். இப்போது எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கிக்கொண்டு, வாசலில் இரண்டு கார் நிறுத்திக்கொண்டு, முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கிறோம். லயத்தில் இருப்பவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும்தான். மாரியம்மன் கோயில் மட்டும் இடம் மாறவில்லை. அம்மனுக்குத் தாமானில் யாரும் வீடு பார்த்துக் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு நாங்கள் காரில் போய் இறங்கி, எல்லாவற்றையும் அதிகாரம் செய்துவிட்டுத் திரும்பி வருவோம்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, கோயிலுக்குச் சாயம் அடிப்பதை மேற்பார்வை பார்க்கப் போயிருந்தேன். அப்படியே காலாற நடந்து பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். வாசலில் கத்திரிப் பாத்தி. என் அப்பா இதே இடத்தில் இருபது வருஷம் கத்திரி போட்டவர். ஒரு தடவையாவது விரல் நீளத்தைத் தாண்டி ஒரு காய் வந்ததில்லை. வந்ததிலும் பாதி பூச்சிக்குப் போகும். இப்போது அதே மண்ணில் ஊதா நிறத்தில் கொழுகொழுவென்று தொங்குகின்றன. நான் வாய் பிளந்து நின்றேன். உள்ளேயிருந்து கைலி கட்டிய ஒரு வங்காளதேசத்துக்காரன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். சிரித்த முகமாக, "சாரி சியாப்பா, பாங்?" என்றான்.

யாரைத் தேடுகிறீர்கள் அண்ணே என்று கேட்கிறான். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, என்னிடம்!

நாற்பது பதில்கள் தொண்டை வரைக்கும் வந்தன. கடைசியில் வெளியே வந்தது "தாக் அடா" மட்டும்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நின்றேன். அவன் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு கத்திரிக்காய் பறித்துப் போட்டுக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வீட்டில் குழம்பு வைத்தார்கள். அருமையாக இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

ஏற்கெனவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய திருவிழாவில் அம்மன் ரதம் சேற்றில் சிக்கிக்கொண்டபோது, லயத்து ஆட்கள் ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். 'நம்ம சாமிய தள்ள நமக்கு ஆள் இல்லையா', 'இன்னைக்கு ரதம், நாளைக்குக் கோயிலு' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். செய்தியிலும் அதே பேச்சுதான். ஒருவர் வெளிநாட்டு ஆட்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பு என்பார். இன்னொருவர் வெட்ட ஆள் இல்லாமல் செம்பனைக் குலை அழுகுது என்பார். இருவரும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துதான் பேசுவார்கள், பரோட்டா போடுகிறவன் எந்த ஊர் என்று இருவரும் கேட்க மாட்டார்கள். கத்திரிக்காய் சாப்பிட்ட கையோடு நான் குழுவில் எழுதியதுதான் எல்லாவற்றிலும் நீளமானது. அதற்கு முந்தின வாரம்தான் கார் நிறுத்துமிடத்தில் எவனோ என்னைப் பார்த்து 'பாலிக் இந்தியா' என்று கத்தி, இந்தியாவுக்குத் திரும்பிப் போ என்கிறானே என்று நான் ரத்தம் கொதித்து அவன் காருக்குப் பின்னாலேயே ஓடியிருந்தேன். ஒரே வாரத்தில் எனக்கு அது மறந்துபோனது.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். சாமானைத் தரம் பிரித்து, பெயர் ஒட்டி, அலமாரியில் அடுக்குவது என் வேலை. மனிதர்களையும் அப்படி அடுக்கிவிடலாம் என்று நினைத்தது என் தொழில் கோளாறு. போதாத குறைக்குக் கோயில் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். தீர்மானப் புத்தகம் என் கையில்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. தலைவர் கூலிமில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். சுவர் ஓரமாக என் மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ரதம் மரத்தால் ஆனது, பழைய லாரி டயர் நான்கின் மேல் நிற்கும். மாடு கிடையாது, ஆள்தான் கயிறு பிடித்து இழுக்க வேண்டும். லயத்து ரோடு முழுக்க மேடு. இழுப்பவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் ரதம் பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் ஒருவர் கட்டை வைக்க வேண்டும். நொடி தவறினால் ரதம் போகும், இல்லை விரல் போகும். முப்பது வருஷமாக அந்தக் கட்டை மாமா கையில்தான் இருந்தது. கமிட்டியில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை. கட்டைதான் பதவி.

"உள்ளூர்க்காரங்க மட்டும்தான் ரதத்த தொடணும். இது என் தீர்மானம்," என்று எழுந்து நின்று சொன்னேன். கைதட்டல்.

"சரி, உள்ளூர்க்காரன்னா யாரு? அத எழுதணும்ல," என்றார் தலைவர்.

"இந்தத் தோட்டத்துல பொறந்தவங்க!"

இன்னும் பலமாகக் கைதட்டல். அப்படியானால் தோட்டத்தில் பிறந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். ஒரே ஒரு கை உயர்ந்தது. மாமாவின் கை. மற்ற எல்லோரும் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், நானும்தான். தலைவர் பேராக்கில் பிறந்து, பெண் எடுத்து இந்தப் பக்கம் வந்தவர். பொருளாளர் பினாங்கு. மாமா மட்டும் லயத்தில் ஒன்பதாம் நம்பர் வீட்டில், நடு அறையில், அடைமழையில் பிறந்தவர். முகமெல்லாம் பல்லாகக் கையைத் தூக்கியபடியே இருந்தார்.

"ஒரு ஆள வச்சு எப்படிலா ரதத்த இழுக்கிறது?" என்றார் பொருளாளர்.

"பரவால்ல, நான் மெதுவா இழுக்கிறேன்லா," என்றார் மாமா. மண்டபமே சிரித்தது. அந்த விதி தள்ளுபடி ஆனது.

மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருப்பவர்கள் என்று அடுத்துச் சொன்னேன். விசாரித்துப் பார்த்தால் பொருளாளரின் அப்பா முதலில் வந்து, வேலை பிடித்து, அப்புறம் கடிதம் போட்டுத் தாத்தாவை வரவழைத்திருக்கிறார். இதில் யார் முதல் தலைமுறை, யார் இரண்டாம் தலைமுறை என்று அரை மணி நேரம் விவாதம். பொருளாளர் மூன்று பேனாவாலும் படம் போட்டுக் காட்டினார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"இந்துவா இருந்தா போதும்னு வச்சிக்கலாமே," என்றார் ஒருவர்.

"அப்ப நேப்பாளி எல்லாம் இந்துதானே?"

"இந்துதான்... ஆனா நம்ம இந்து இல்ல."

இந்த இடத்தில்தான் மூலையில் விபூதிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த குருக்கள் தலையை நிமிர்த்தினார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். "அண்ணே, நான் ரதத்துல ஏறலாமா, கூடாதா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா டிக்கெட் போடச் சவுகரியமா இருக்கும்," என்றார்.

பதறிப்போய் அவருக்கு விதிவிலக்கு எழுதினோம். குருக்களுக்கு எழுதினால் மேளக்காரர்களுக்கு எழுத வேண்டாமா? அவர்களும் பெர்மிட். அன்னதானத்துக்குச் சமையல்காரர் காரைக்குடி, கூடாரம் போடுகிறவர்கள் இந்தோனேசியா, ஜெனரேட்டர் ஓட்டுகிறவன் எந்த நாடு என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு விதிவிலக்கு. கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம கடையில ரெண்டு பசங்க இருக்கானுங்க, தங்கமான பசங்க," என்றார். அவர்களையும் சேர்த்தோம். அன்று நான் கண்டுகொண்டது இதுதான்: அவரவரிடம் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரன் தங்கம். அடுத்தவனிடம் இருக்கிறவன்தான் நாட்டைக் கெடுக்கிறான். ஆனால் கண்டுகொண்டும் நான் நிறுத்தவில்லை. விதிவிலக்குகள் இரண்டு பக்கம் போயிருந்தன, விதியைத்தான் இன்னும் காணோம்.

"ஐசி!" என்று மேசையைத் தட்டினேன். "நீல ஐசி இருக்கா, வந்து ரதத்த தொடு. இல்லையா, தள்ளி நின்னு கும்பிட்டுக்கோ. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

நீல அடையாள அட்டை என்றால் குடிமகன். இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் உண்டா? எல்லோரும் கை தூக்கினார்கள். மாமா தூக்கவில்லை. தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து 'ஏகமனதாக' என்று எழுதினேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமாவிடம் இருப்பது சிவப்பு ஐசி. இங்கேயே தங்கலாம், வேலை பார்க்கலாம், ஆனால் குடிமகன் இல்லை, ஓட்டும் இல்லை. லயத்து வீட்டில் அடைமழையில் பிறந்தவரை மழை விட்டதும் போய்ப் பிறப்பைப் பதிந்து வர ஆள் இல்லை, அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். ஆஸ்பத்திரியில் பிறந்த எங்களுக்கெல்லாம் தாள் தானாக வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்தவருக்கு வரவில்லை. எத்தனையோ முறை எழுதிப் போட்டும் நீலம் கிடைக்கவில்லை. இது அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு தேர்தலிலும் மாமா விடியற்காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டேன் என்று மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு என் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருவார். அது கோழிப் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து. ஒருமுறை எங்களுக்கெல்லாம் இடது விரலில் மை, அவருக்கு மட்டும் வலது விரலில். கேட்டதற்கு, "அந்த ஆபீசர் இடது கைக்காரன்லா," என்றார். நானும் தலையாட்டினேன். இப்படிப்பட்ட மூளையை வைத்துக்கொண்டுதான் நான் நாட்டின் எல்லையைக் காக்கப் புறப்பட்டேன்.

கூட்டம் முடிந்து காரில் வரும்போது மாமா கேட்டார், "மச்சான், ஐசிய நெசமாவே வாங்கிப் பாப்பீங்களா?"

"மந்திரியே வந்தாலும் பாப்போம், மாமா."

"இல்ல, எனக்கும் முதுகு கொஞ்சம் பிடிக்கிது. இந்த வருஷம் கட்டைய வேற யார்கிட்டயாச்சும்..."

"அதெல்லாம் முடியாது. நீங்க இல்லாம ரதம் ஏறுமா?" என்றேன். மாமா வழியெல்லாம் செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திருவிழா அன்று மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. முன்பெல்லாம் ரதம் இரவில் புறப்படும். எங்களுக்கெல்லாம் கண் மங்கிப்போனதால் இப்போது பிற்பகல் நான்கு மணிக்கே புறப்படுகிறது. வாழை மரம் கட்டிய வாசலில் நான் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஐசியைக் காட்ட வேண்டும், நான் புத்தகத்தில் எழுதிக்கொண்டு மணிக்கட்டில் ஒரு மஞ்சள் துணி கட்டிவிடுவேன். துணி இருந்தால்தான் ரதத்தைத் தொடலாம். அரை மணி நேரத்துக்குள் அந்தத் துணிக்குப் பெர்மிட் என்று பெயர் வந்துவிட்டது. ஒரு அம்மா வியர்வை துடைத்துத் தொலைத்துவிட்டு, இன்னொரு பெர்மிட் கேட்டு என்னிடம் சண்டை போட்டார். பொருளாளர் ஐசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்தார்.

லயத்து ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதினாலாம் நம்பர் வீட்டுக்காரன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் புத்தகத்தில் எதையோ தேடினேன்.

வரிசையில் மாமா வந்தார். புது வேட்டி, தலையில் துண்டு, தோளில் கட்டை. முதுகு வலி என்று சொல்லி வராமல் இருந்திருக்கலாம். மச்சான் எப்படியும் தன்னிடம் ஐசி கேட்க மாட்டான் என்று நம்பித்தான் வந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள். அவருக்கு முன்னால் இருந்த பத்துப் பேரிடமும் நான் கேட்டிருந்தேன். பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, சும்மா ஒரு மாதிரிக்கு. ஐசி."

கட்டையை மேசை மேல் வைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிவப்பு.

எழுதியவன் நான். மேசையைத் தட்டியவனும் நான். குருக்களுக்கும் சமையல்காரருக்கும் ஜெனரேட்டருக்கும்கூட விதிவிலக்கு எழுதிய கை, என் சொந்த மாமாவுக்கு முன்னால் ஒரு மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு கட்டவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்னு..." என்று நானேதான் இழுத்தேன். அந்த நேரத்தில் என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தாலும் தகும்.

"சரிதான் மச்சான்," என்றார் மாமா. அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டையை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டு, "யாரு வைக்கிறாங்களோ, ஏத்தத்துல பின் சக்கரத்துக்குப் பின்னால வைக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனார். பதினாலாம் நம்பர் வீட்டுக்காரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டான். மாமா கத்திரிப் பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கட்டையைப் பொருளாளர் எடுத்துக்கொண்டார். எப்படி வைப்பது என்று கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று அவர் கேட்கவில்லை. மாமா சொன்னதைச் சொன்னால் மாமாவைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று நானும் சொல்லவில்லை.

ரதம் புறப்பட்டது. மேலே அம்மன், அம்மனுக்குப் பக்கத்தில் குருக்கள், முன்னால் மஞ்சள் துணிக்காரர்கள் முப்பது பேர். எல்லோரும் சுத்தமான நீல ஐசி, பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு இரத்த அழுத்தம். லயத்து மேட்டில் பாதி ஏறியதும் ஆளாளுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். "கட்டை! கட்டை!" என்று தலைவர் கத்தினார். பொருளாளர் நிதானமாகக் குனிந்து, முன் சக்கரத்துக்கு முன்னால், மிகவும் அழகாக, நேராகக் கட்டையை வைத்தார்.

ரதம் பின்னால் உருள ஆரம்பித்தது.

முதலில் மெதுவாகத்தான் போனது. குருக்கள் இன்னும் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மந்திரம் வேகமானது. பிறகு "ஐயோ, ஐயோ" என்று ஆனது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் சேற்றில் வழுக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ரதம் நேராகப் பதினாலாம் நம்பர் வீட்டுச் சாக்கடையை நோக்கிப் போனது. மாமா நாற்காலியோடு எழுந்தார். வேலியைத் தாண்டி லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் பாய்ந்து வந்து பின்னாலிருந்து முதுகு கொடுத்தார்கள். அப்போது யாரும் யாரிடமும் துணி கேட்கவில்லை. மாமா கத்திரிப் பாத்தியைச் சுற்றியிருந்த கல் ஒன்றைப் பிடுங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். போதவில்லை. மேட்டிலே கிடந்த கட்டையைப் பொருளாளர் உருட்டிவிட, அதைப் பிடித்துச் சொருகினார். சாக்கடைக்கு ஒரு முழம் இருக்கும்போது ரதம் நின்றது. சேற்றில் கட்டை வழுக்கிக்கொண்டே இருந்ததால், மாமா தரையில் உட்கார்ந்து இரண்டு காலாலும் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்ட அந்த நிமிஷத்தில்தான், மேட்டின் மேலிருந்து ஒரு வண்டி இறங்கி வந்தது. மேலே சுழலும் விளக்கு. உள்ளே சீருடை.

"இமிகிரேஷன் ரெய்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

லயத்து ஆட்கள் செம்பனைக்குள் பறந்தார்கள். அது புரிகிறது. குருக்கள் ரதத்திலிருந்து குதித்து ஓடினார். பெர்மிட் புதுப்பிக்க ஏஜென்டிடம் கொடுத்திருந்தாராம், கையில் நகல்தான் இருந்ததாம். ஆரத்தித் தட்டை மட்டும் அவர் விடவில்லை, கற்பூரம் எரிய எரியச் செம்பனைக்குள் போனது. அதுவும் புரிகிறது. ஆனால் கழுத்தில் நீல ஐசி தொங்கத் தொங்கப் பொருளாளர் ஏன் ஓடினார்? தலைவர் ஏன் ஜெனரேட்டர் படுதாவுக்குள் புகுந்தார்? முப்பது மஞ்சள் துணியும் ஏன் ஓடியது?

நானும் ஓடினேன். தீர்மானப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முள் கிழிக்க, வெட்டிப் போட்ட மட்டைகளின் மேல் தாவி ஓடி ஒரு மரத்தடியில் விழுந்தேன். பக்கத்தில் ஏற்கெனவே ஒருவன் குந்தியிருந்தான். பதினாலாம் நம்பர்.

"பாங், நீங்க ஏன் ஓடுறீங்க?" என்று மலாயில் கேட்டான். "உங்ககிட்ட ஐசி இருக்கே?"

"நீ ஏன் ஓடுறே?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினான். பெர்மிட் ஒழுங்காக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் இருந்தது. "எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன்," என்றான். நான் என் நீல ஐசியை எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று கேட்காதீர்கள். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டோம்.

பிறகு அவன் கேட்டான், "அந்த மாமாவும் ஓடிட்டாரா?"

மட்டையை விலக்கிப் பார்த்தோம். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. முப்பது பேர் பிடித்த கயிறு மட்டும் கிடந்தது. சாய்ந்து நின்ற ரதத்தில் அம்மன். கீழே சேற்றில், இரண்டு காலாலும் கட்டையை மிதித்தபடி மாமா. எங்கள் எல்லோரிலும் பயப்பட ஏதாவது காரணம் உள்ளவர் அவர் ஒருவர்தான். எழுந்து ஓடினால் அம்மன் சாக்கடையில் இருப்பாள். அதனால் அவர் ஓடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முள் குத்தியதால் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எனக்கு முன்னால் எழுந்து ரதத்தை நோக்கி நடந்தவன் அவன்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் போனேன்.

வண்டியிலிருந்து இறங்கியவர்கள் மூன்று மலாய் இளைஞர்கள். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் நீளக் கழி. ஓடும் அவசரத்தில் தொப்பியை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே ரதத்துக்குத் தோள் கொடுத்து நின்றிருந்தார்கள். ஆட்களெல்லாம் எங்கே என்று மாமாவிடம் கேட்டார்களாம். எல்லாரும் ஜோகிங் ஓடப் போயிருக்காங்க என்று மாமா சொன்னாராம். அவர்களில் ஒருவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. "செயலாளர் யாரு?" என்று கேட்டார்.

ரதம் போகும் வழியில் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது, தூக்கிப் பிடிக்க ஆள் அனுப்பி உதவவும் என்று மின்சார இலாகாவுக்கு எழுதியிருந்தது. கீழே கோயில் முத்திரை. அதற்குக் கீழே என் கையெழுத்து. தலையில் மட்டைச் சருகோடு நான்தான் என்று கை தூக்கினேன். ஒரே ஒரு கை.

"ஓடி முடிச்சாச்சா?" என்றார் மாமா. "எனக்குக் கால் மரத்துப்போச்சு. எல்லாத்தையும் கூப்பிடு."

ஒவ்வொருவராகச் செம்பனைக்குள்ளிருந்து வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குருக்கள் அணைந்துபோன தட்டோடு வந்தார். நான் பையிலிருந்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாமா பக்கத்தில் குந்தினேன். "மாமா, கைய குடுங்க," என்றேன். "கைய குடுத்தா கட்டைய யாருலா பிடிப்பா? போய்க் கயித்த பிடி," என்று எரிந்து விழுந்தார். போய்ப் பிடித்தேன். லயத்து ஆட்கள், கழி பிடித்தவர்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுக்க, ரதம் சாக்கடை ஓரத்திலிருந்து நகர்ந்து மேடு ஏறியது. ரதம் நின்ற வீட்டார் ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, பதினாலாம் நம்பர் ஒரு பேசின் நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து, அன்னதானச் சமையலுக்கு என்று கொடுத்தான். பாத்தியில் பாதி எங்கள் சக்கரத்தில் நசுங்கிப் போயிருந்தது. அந்தச் சாம்பாரை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. கோழி மருந்துக் கதையை அப்போதுதான் சொன்னாள். "தம்பிக்குத் தெரிஞ்சா மதிக்க மாட்டான்னு வெரல்ல மருந்து தடவுன மனுஷன்டா அது," என்றாள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நானே ரத்து செய்ய முன்மொழிந்தேன். ஏகமனதாக. இந்த முறை எல்லாக் கையையும் எண்ணிப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் லீவு போட்டு, மாமாவைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய் மறுபடியும் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பப் பாரத்தை நிரப்பியது நான்தான், செயலாளர் அல்லவா. நாட்டுக்குள் வந்த தேதி என்று ஒரு கட்டம். மாமாவைப் பார்த்தேன். அவர் காற்றாடியைப் பார்த்தார். நான் அவர் பிறந்த தேதியை எழுதினேன். வந்து இறங்கிய இடம் என்று அடுத்த கட்டம். ஒன்பதாம் நம்பர் லயத்து வீடு, நடு அறை என்று எழுதினேன்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். இரண்டு தடவை படித்தாள். "இந்தக் கட்டம் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு," என்று மலாயில் பொறுமையாகச் சொன்னாள்.

"இவர் எங்கிருந்தும் வரவில்லை," என்றேன்.

"அப்படியென்றால் எதற்கு இந்தப் பாரத்தை நிரப்புகிறார்?"

மாமாதான் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, அவளுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று தமிழிலேயே சொன்னார்.

"அதத்தான் தாயி நானும் முப்பது வருஷமா கேக்கிறேன்."